பாலும் நிலமும் காலமும்

நுழையும்முன்

பால் விரைவில் கெடும் இயல்புடையது. கறந்த பாலை நெடுநாள் காத்து உண்ண வேண்டும் என்னும் தேவையால் உலகின் பல சமூகங்கள் பலவகை உணவுகளைக் கண்டறிந்தன. அவற்றுள் ஒன்று பாலாடைக்கட்டி. பிரான்சு நாட்டில் மலைக்கு ஒன்றும் பள்ளத்தாக்கிற்கு ஒன்றுமாக நூற்றுக்கணக்கான பாலாடைக்கட்டிகள் தோன்றியுள்ளன. பால் என்னும் ஒரே பொருள் அத்தனை வடிவங்களைப் பெற்றது எவ்வாறு? அந்தப் பன்மை இன்று எதிர்கொள்ளும் இடர் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

ஒரு நாட்டின் நிலவியலை அறிய வரைபடத்தைப் பார்ப்போம். வரலாற்றை அறிய நூல்களைப் புரட்டுவோம். பிரான்சு நாட்டைப் பொறுத்தவரை, அதன் நிலவியலையும் வரலாற்றையும் ஒருசேர அறிய இன்னொரு வழியும் உண்டு. அந்நாட்டுச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் கடையின் முன் நின்றால் போதும். வண்டிச் சக்கரம் போன்ற பெரிய வட்டுகள், உள்ளங்கையில் அடங்கும் சிறு வில்லைகள், சாம்பல் பூசிய கூம்புகள், செம்மஞ்சள் நிறத் தோல் போர்த்தவை, நீல நரம்போடியவை என அவை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரையோ ஒரு மலையின் பெயரையோ தாங்கி நிற்கும். இத்தனை வகைப் பாலாடைக்கட்டிகளை உடைய ஒரு நாட்டை ஆள்வது எளிதன்று என அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய சார்லஸ் தெ கோல் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. வகைகளின் எண்ணிக்கை குறித்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்வர். அவை பல நூறு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

பெயரும் பொருளும்

தமிழில் நாம் பாலாடைக்கட்டி என்று வழங்குகிறோம். ஆயினும் அது பாலின் மேல் படியும் ஆடையைத் திரட்டிச் செய்வதன்று. பாலில் கரைந்தும் மிதந்தும் கிடக்கும் புரதத்தையும் கொழுப்பையும் நீரினின்று பிரித்துக் கட்டியாக்குவதே அது. பசும்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 87 பங்கு நீர். அந்நீரின் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டால் எஞ்சும் சத்துப்பொருள் எளிதில் கெடாது; எடை குறைவதால் எடுத்துச் செல்வதும் எளிது. சுருங்கக் கூறின், பாலாடைக்கட்டி என்பது பாலைச் சேமித்து வைக்கும் ஒரு கலை.

இக்கலை மிகப் பழைமையானது. போலந்து நாட்டில் கிடைத்த, சிறு துளைகள் நிறைந்த மட்பாண்டச் சில்லுகளில் பாற்கொழுப்பின் எச்சங்கள் படிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். திரைந்த பாலை வடிகட்டப் பயன்பட்ட அப்பாண்டங்கள் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

பிரெஞ்சு மொழியில் பாலாடைக்கட்டியை 'ஃப்ரொமாழ்' என்பர். அச்சு அல்லது வடிவம் எனப் பொருள்படும் 'ஃபோர்மா' என்னும் இலத்தீன் சொல்லே இதற்கு வேர். அச்சிலிட்டு வடிவம் தரப்பட்டது என்பது பொருள். தொடக்கத்தில் 'ஃபொர்மாழ்' என்று ஒலித்த சொல், எழுத்துகள் இடம் மாறி 'ஃப்ரொமாழ்' ஆயிற்று. தசை என்பது சதை என்றும், சிவிறி என்பது விசிறி என்றும் தமிழில் எழுத்து நிலைமாறி வழங்குவதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

பால் திரையும் விதம்

பாலில் உள்ள புரதங்களுள் முதன்மையானது கேசின். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இதுவே. கேசின் மூலக்கூறுகள் தனித்தனியே இருப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண் உருண்டைகளாகத் திரண்டு பாலில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் புறத்திலும் மெல்லிய மயிர்போன்ற படலம் ஒன்று உண்டு. அப்படலமே உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. பால் நீர்மமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் காப்பை இரண்டு வழிகளில் நீக்கலாம். ஒன்று, அமிலம். பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு, அதனை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் மிகும்போது கேசின் உருண்டைகள் தம்மைப் பிரித்து நிறுத்திய விலக்கு விசையை இழந்து ஒன்றுசேர்கின்றன. உறைமோர் ஊற்றிய பால் நம் இல்லங்களில் தயிராவது இவ்வாறே. மற்றொன்று, உறைநொதி. பால் குடிக்கும் பருவத்துக் கன்றின் நான்காம் இரைப்பையில் சுரக்கும் நொதி, கேசின் உருண்டைகளின் புறத்தே உள்ள மயிர்ப்படலத்தை மட்டும் வெட்டியெடுத்துவிடும். காப்பிழந்த உருண்டைகள் வலைபோலப் பின்னிக்கொள்ள, கொழுப்பும் நீரும் அவ்வலைக்குள் சிக்கிப் பால் கெட்டியாகிறது.

பிரான்சின் பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவை இவ்விரு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. அமிலம் மிகுந்து மெல்லத் திரையும் பால் மென்மையும் புளிப்பும் உடையதாகும். வெள்ளாட்டுப் பாலில் செய்யப்படும் சிறு கட்டிகள் பல இவ்வகையின. உறைநொதி மிகுந்து விரைந்து திரையும் பால், நெகிழ்ந்து கொடுக்கும் உறுதியான திரளாகும். மலைநாட்டின் பெரிய வட்டுகள் இவ்வகையின. செய்யத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதை இவ்வாறு பிரிந்துவிடுகிறது.

ஒரே பால், பல வழி

திரைந்த பாலிலிருந்து நீரை எவ்வளவு, எவ்வளவு விரைவாக வெளியேற்றுவது என்பதே அடுத்த வினா. திரளைப் பெரிய துண்டுகளாக விட்டால் நீர் உள்ளேயே தங்கும். கோதுமை மணி அளவிற்குச் சிறிதாக வெட்டினால் நீர் மிகுதியாக வெளியேறும். சூடேற்றினால் மணிகள் சுருங்கி மேலும் நீரை விடும். அச்சிலிட்டு அழுத்தினால் எஞ்சிய நீரும் வடியும். வெளியேறும் நீர் தெளிநீர் எனப்படும்.

அடுத்தது உப்பு. சுவைக்காக மட்டும் உப்பிடுவதில்லை. அது மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சித் தோலை உண்டாக்குகிறது. தீய நுண்ணுயிரிகளை அடக்குகிறது. வேண்டிய நுண்ணுயிரிகள் வளர வழிவிடுகிறது.

இறுதிக்கட்டம் முதிர்வித்தல். குளிர்ந்த, ஈரமான நிலவறையில் கட்டிகளை அடுக்கி வைத்து, குறித்த காலத்தில் புரட்டியும் துடைத்தும் பேணுவர். இக்காலத்தில் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் பூஞ்சைகளும் கட்டியின் புரதத்தையும் கொழுப்பையும் சிறிது சிறிதாக உடைக்கின்றன. மணமும் சுவையும் பிறப்பது இங்கேதான். பாலைத் திரைப்பது ஒரு நாள் வேலை. முதிர்விப்பதோ பல வாரங்களின், பல மாதங்களின் வேலை.

மலை வளர்த்த கோந்தே

பிரான்சின் கிழக்கு எல்லையில் சுவிட்சர்லாந்தை ஒட்டி ஜூரா மலைத்தொடர் அமைந்துள்ளது. அங்குக் குளிர்காலம் நெடியது. கோடையில் புல் செழித்துப் பால் பெருகும். குளிர்காலத்திலோ நிலம் பனியில் மறையும். கோடைப்பாலைக் குளிர்காலத்திற்குச் சேமித்து வைக்க வேண்டுமாயின், பெரியதும் உறுதியானதுமான கட்டியே ஏற்றது. கோந்தே என்னும் பாலாடைக்கட்டி பிறந்தது இத்தேவையால்தான்.

ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு கோந்தே வட்டிற்கு 400 லிட்டர் பால் வேண்டும். ஒருசில பசுக்களை மட்டும் வைத்திருந்த உழவர் எவராலும் ஒரு நாளில் அவ்வளவு பாலைத் தனியே திரட்ட இயலவில்லை. எனவே ஊரார் தத்தம் பாலை ஓரிடத்தில் சேர்த்தனர். ஃப்ருயித்தியேர் எனப்படும் இக்கூட்டுறவு முறைக்கு 13 ஆம் நூற்றாண்டிலேயே சான்று உண்டு. கூட்டுறவு என்னும் கொள்கை அரசியல் சொல்லாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு பாலாடைக்கட்டியின் அளவு அதனை மக்களுக்குக் கற்பித்துவிட்டது. இன்றும் ஜூராவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃப்ருயித்தியேர்கள் இயங்குகின்றன.

காய்ச்சாத பாலைச் செப்புக் கொப்பரையில் ஊற்றி உறைநொதி சேர்ப்பர். திரளை நுண்மணிகளாக வெட்டி, 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றிக் கிளறுவர். பிறகு அச்சிலிட்டு அழுத்துவர். குறைந்தது 120 நாள்கள் தளிர்மரப் பலகைகளில் அன்று, ஊசியிலை மரப் பலகைகளிலேயே அவை முதிர வேண்டும். முதிர்விப்பவர் சிறு சுத்தியலால் வட்டைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே உள்ளே வெடிப்போ வெற்றிடமோ உள்ளதா என அறிவார். ஜூரா மலையில் 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு படைக்கோட்டை 1966 முதல் கோந்தே முதிரும் நிலவறையாகப் பயன்பட்டு வருகிறது.

கோந்தேக்குப் பால் தரும் பசுக்களுக்கு ஊறுகாய்ப் புல் கொடுக்கலாகாது என்பது விதி. ஈரமாக அடைத்துப் புளிக்க வைக்கும் அத்தீவனத்தில் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் பெருகும். அவை பால்வழியே வட்டினுள் புகுந்தால், பல வாரங்களுக்குப் பின் வாயுவை உண்டாக்கி வட்டையே வெடிக்கச் செய்யும். பசு உண்ணும் புல்லுக்கும் நிலவறையில் உறங்கும் வட்டுக்கும் உள்ள தொடர்பை இவ்விதி நன்கு புலப்படுத்துகிறது.

குகை தந்த நீலம்

தெற்குப் பிரான்சின் அவேரோன் பகுதியில் கொம்பாலு என்னும் சுண்ணாம்புப் பாறை மேடு உள்ளது. பழங்காலத்தில் அதன் ஒரு பக்கம் சரிந்து விழுந்ததால், பாறைக்குவியலுக்குள் குகைகளும் நீண்ட வெடிப்புகளும் உண்டாயின. ஃப்ளூரின் எனப்படும் அவ்வெடிப்புகள் வழியே ஆண்டு முழுவதும் குளிர்ந்த ஈரக்காற்று குகைகளுக்குள் வீசுகிறது. இம்மேட்டின் அடியில் அமைந்த சிற்றூரே ரோக்ஃபோர். அவ்வூரின் பெயரே அங்கு முதிரும் பாலாடைக்கட்டிக்கும் ஆயிற்று.

ரோக்ஃபோர், லாக்கோன் என்னும் இனச் செம்மறியாட்டின் காய்ச்சாத பாலால் செய்யப்படுவது. ஆட்டிடையன் ஒருவன் ரொட்டியையும் பால்கட்டியையும் குகையில் மறந்து சென்றான் என்றும், திரும்பி வந்தபோது அதில் நீலப்பூஞ்சை படர்ந்திருந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், ரொட்டிக்கும் அப்பூஞ்சைக்கும் உள்ள உறவு உண்மையே. பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்னும் அப்பூஞ்சையை ரை என்னும் தானியத்தின் மாவு ரொட்டியில் வளர்த்து, உலர்த்திப் பொடியாக்கிப் பயன்படுத்துவதே மரபு.

இப்பூஞ்சை வளரக் காற்று வேண்டும். ஆதலால் கட்டிகளை நீண்ட ஊசிகளால் துளையிடுவர். துளைகளின் வழியே குகைக்காற்று உட்புகப் பூஞ்சை உயிர்த்து, நீலப்பச்சை நரம்புகளாக உள்ளே படர்கிறது. அது கொழுப்பைச் சிதைக்கும்போது உண்டாகும் சேர்மங்களே ரோக்ஃபோருக்குரிய கூர்மையான சுவையைத் தருகின்றன. குகையில் குறைந்தது 14 நாள்கள் இருந்தபின் ஈயத்தகடு போன்ற மென்தகட்டில் சுற்றிக் காற்றை மறித்து மெல்ல முதிரவிடுவர். செய்யத் தொடங்கிய நாள்முதல் 90 நாள்களேனும் கழிந்த பின்னரே அது விற்பனைக்கு வரும்.

மென்மையும் வெண்மையும்

வடமேற்கில் கடலை ஒட்டிய நார்மண்டி, மழையும் பசும்புல்லும் நிறைந்த சமவெளி. ஆண்டின் பெரும்பகுதியும் பால் கிடைக்கும்; சந்தைகளும் அருகில் உள்ளன. அங்கு நெடுநாள் தாங்கும் பெரிய வட்டு தேவைப்படவில்லை. சில வாரங்களில் முதிரும் 250 கிராம் எடையுள்ள சிறுவட்டே போதுமானதாக இருந்தது. அதுவே கமம்பேர்.

பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் மரி அரேல் என்னும் பெண்மணி, அடைக்கலம் தேடி வந்த பாதிரியார் ஒருவரிடமிருந்து இதன் நுணுக்கத்தைக் கற்றார் என்பது மரபுவழிச் செய்தி. 19 ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்ததும் கமம்பேர் பாரிசு நகரை எட்டியது. அந்நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்திற்கு வந்த மெல்லிய மரப்பெட்டி அதனைத் தொலைதூரம் கொண்டு சென்றது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் உணவில் இடம்பெற்று, நாடு முழுவதும் அறியப்பட்டது.

மரபுமுறையில் திரளை வெட்டிக் குலைப்பதில்லை. அகப்பையால் மெல்ல முகந்து, ஒரே அச்சினுள் இடைவெளிவிட்டுப் பலமுறை இடுவர். தன் எடையாலேயே நீர் வடியும். பின் உப்பிட்டு வைக்க, மேற்பரப்பில் பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்னும் வெண்பூஞ்சை பஞ்சுபோல் படர்கிறது. நீலப்பூஞ்சை உள்ளிருந்து வேலை செய்ய, இது வெளியிலிருந்து உள்நோக்கி வேலை செய்கிறது. ஆகவேதான் கமம்பேர் தோலை ஒட்டிய பகுதியில் முதலில் குழைந்து, நடுப்பகுதி இறுதியில் குழைகிறது.

தெரிந்து தெளிவோம்

மறுகறவையின் பெயர்: ஆல்ப்சு மலைப்பகுதியில் நில உரிமையாளர்கள் கறக்கும் பாலின் அளவைக் கொண்டு வரி பெற்றனர். உழவர்கள் அளவு பார்க்கும்போது மடியை முழுமையாகக் கறக்காமல் நிறுத்தி, அதிகாரி சென்றபின் மீண்டும் கறந்தனர். இரண்டாவதாகக் கறந்த கொழுப்பு மிகுந்த பாலில் செய்யப்பட்டதே ரெப்லோஷோன். மீண்டும் கறத்தல் எனப் பொருள்படும் வட்டாரச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

மடாலயத்தின் பெயர்: வடகிழக்குப் பிரான்சின் மன்ஸ்டர் என்னும் பாலாடைக்கட்டியின் பெயர், மடாலயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் திரிபு. இதன் மேல்தோலை உப்புநீரால் அடிக்கடி கழுவுவர். அதனால் பூஞ்சை ஒடுங்கி, செம்மஞ்சள் நிறம் தரும் பாக்டீரியா பெருகும். மணம் கடுமையாகவும் சுவை மென்மையாகவும் இருப்பது இவ்வகையின் இயல்பு.

பாஸ்டர் முறையும் அதன் இரு பக்கங்களும்

நொதித்தல் என்பது உயிரிகளின் செயல் என்பதை மெய்ப்பித்த லூயி பாஸ்டர், 1822 இல் கோந்தே பிறந்த அதே ஜூரா பகுதியில் தோன்றியவர். பால் புளிப்பதற்கு நுண்ணுயிரியே காரணம் என்பதை 1857 இல் அவர் எடுத்துரைத்தார். பின்னர்த் திராட்சைமது கெடாமல் காக்க, அதனை மிதமாகச் சூடேற்றும் முறையைக் கண்டார். அம்முறை பிற்காலத்தில் பாலுக்கும் பயன்பட்டது. 72 டிகிரி செல்சியஸில் 15 நொடிகள் வைத்தால் பாலில் உள்ள நோய்க்கிருமிகள் அழிந்துவிடும்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. பால்வழியே பரவிய காசநோய் முதலியன கட்டுப்பட்டன. எண்ணற்ற குழந்தைகள் உயிர் பிழைத்தனர். காய்ச்சாத பாலில் செய்த மென்மையான பாலாடைக்கட்டிகளைக் கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்று பிரான்சின் நலவாழ்வுத் துறையினர் இன்றும் அறிவுறுத்துகின்றனர்.

ஆயினும் சூடு, நோய்க்கிருமியை மட்டும் தேர்ந்து அழிப்பதில்லை. அந்தந்த மேய்ச்சல் நிலத்திலும் தொழுவத்திலும் இருந்து பாலில் சேர்ந்த நல்ல நுண்ணுயிரிகளும் அதனுடன் மறைகின்றன. பின்னர் ஆய்வகத்தில் வளர்த்த ஒருசில பாக்டீரியாக்களைச் சேர்த்தே பாலாடைக்கட்டி செய்ய வேண்டியுள்ளது. எங்கு, எப்போது செய்தாலும் அது ஒரே சுவையுடையதாக அமைகிறது. பெரிய ஆலைகளுக்கு அது வசதி, விலையும் குறைவு. ஆனால் நிலத்தின் தனித்தன்மை அதில் மங்கிவிடுகிறது. இன்று பிரான்சில் விற்பனையாகும் பாலாடைக்கட்டிகளுள் காய்ச்சாத பாலில் செய்தவை சிறுபகுதியே.

காய்ச்சாத பாலைப் பயன்படுத்துவோர் தூய்மையைப் புறக்கணித்துவிடுவதில்லை. ஆடுமாடுகளின் உடல்நலம், கறவையின் தூய்மை, உப்பின் அளவு, முதிரும் காலம் ஆகியவற்றை இடைவிடாது கண்காணிப்பதன் மூலமே அவர்கள் பாதுகாப்பை அடைகின்றனர். ஒன்று, கெடுதியை ஒரே அடியில் நீக்கும் வழி. மற்றொன்று, ஒவ்வொரு படியிலும் விழித்திருக்கும் வழி.

பெயரைக் காக்கும் சட்டம்

ஓர் ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருளை வேறெங்கோ செய்து அப்பெயராலேயே விற்றால், ஊராரின் உழைப்பு களவு போகும். இதனைத் தடுக்கும் முயற்சி பிரான்சில் நெடிய வரலாறு உடையது. 1411 இல் ஆறாம் சார்லசு மன்னர், குகைகளில் பாலாடைக்கட்டியை முதிர்விக்கும் தனியுரிமையை ரோக்ஃபோர் ஊராருக்கு வழங்கினார். 1666 இல் தூலூசு நகர நீதிமன்றம், போலியான ரோக்ஃபோரை விற்கும் வணிகருக்குத் தண்டனை உண்டென அறிவித்தது. 1925 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பிறப்பிடப் பெயருரிமை என்னும் பாதுகாப்பைப் பெற்ற முதல் பாலாடைக்கட்டி ரோக்ஃபோரே. இன்று 40 க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகள் இப்பாதுகாப்பைப் பெற்றுள்ளன. எந்த நிலப்பரப்பு, எந்தக் கால்நடையினம், எத்தகைய தீவனம், எத்தனை நாள் முதிர்ச்சி என்பன அனைத்தும் எழுதி வரையறுக்கப்பட்டுள்ளன.

இவ்விதிகளைக் கடைப்பிடிப்பது எப்போதும் எளிதாக இருப்பதில்லை. நடுப்பிரான்சின் மலைப்பகுதியில் சலேர் என்னும் பாலாடைக்கட்டி செய்யப்படுகிறது. ஏப்பிரல் 15 முதல் நவம்பர் 15 வரை, பசுக்கள் மேய்ச்சலில் இருக்கும் காலத்தில் மட்டுமே அதனைச் செய்யலாம். கறந்த பாலை 'ழெர்ல்' எனப்படும் மரத்தொட்டியில் ஊற்றுவர். தொட்டியின் உட்புறத்தில் படலமாக வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்களே பாலில் கலந்து உறைமோரின் வேலையைச் செய்கின்றன. வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. 2022 ஆம் ஆண்டுக் கோடையில் அப்பகுதியைக் கடும் வறட்சி தாக்கியது. மலைச்சரிவுகள் காய்ந்தன. பசுக்களின் தீவனத்தில் பெரும்பங்கு மேய்ந்த புல்லாக இருக்க வேண்டும் என்பது விதி, புல்லோ இல்லை. உழவர்கள் பாலாடைக்கட்டி செய்வதையே நிறுத்தினர். அக்காலத்துப் பாலைச் சலேர் என்னும் பெயரின்றி விற்க நேர்ந்தது. வருவாய் குறைந்தபோதும் பெயருக்குரிய பொருளை அவர்கள் மாற்றவில்லை.

தெரிந்து தெளிவோம்

பிறப்பிடத்தோடு பொருளின் பெயரைப் பிணைத்துக் காக்கும் இதே கருத்தின் அடிப்படையில் இந்தியாவில் 1999 இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பாலைக் கொண்டு செய்யும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒருமையின் இடர்

கமம்பேரின் தோல் தொடக்கத்தில் வெண்மையாக இருந்ததில்லை. 19 ஆம் நூற்றாண்டில் அது நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், இடத்திற்கு இடம் வேறுபட்டிருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூய வெண்மையான பூஞ்சை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். வெண்மை வாங்குவோரின் கண்ணைக் கவர்ந்தது. அந்த ஒரே பூஞ்சையைப் படியெடுத்துப் படியெடுத்து எங்கும் பயன்படுத்தலாயினர். இனக்கலப்பின்றி நெடுங்காலம் பெருக்கப்பட்ட எவ்வுயிரியிலும் குறைகள் களையப்படாமல் சேர்ந்துகொண்டே செல்லும். இன்று அவ்வெண்பூஞ்சை பாலினப்பெருக்கத் திறனை இழந்துவிட்டது. வித்துகளை உண்டாக்கும் ஆற்றலும் குன்றிவருகிறது. பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் இதனை 2024 இல் எடுத்துரைத்தபோது உலகெங்கும் அது செய்தியாயிற்று.

நீலப்பூஞ்சைக்கும் இந்நிலை நேர்ந்துள்ளது. உலகின் பல நீலப் பாலாடைக்கட்டிகளுக்குப் பயன்படும் பூஞ்சையின் மரபணு வேறுபாடு மிகவும் சுருங்கிவிட்டது. ரோக்ஃபோரின் பூஞ்சையோ அதனினும் மிகுந்த வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது. தத்தம் இடத்திற்குரிய பூஞ்சையையே பயன்படுத்த வேண்டும் என்னும் பழைய கட்டுப்பாடு அதற்கு உதவியது. ஆல்ப்சு மலையில் தெர்மிஞோன் என்னும் ஊரைச் சார்ந்த ஒருசில பண்ணைகளில், பூஞ்சையை வெளியிலிருந்து சேர்க்காமலேயே நீலப் பாலாடைக்கட்டி செய்கின்றனர். அதில் தானே படரும் பூஞ்சையை ஆராய்ந்த அறிஞர்கள், ஆலைகளில் பயன்படும் பூஞ்சையினின்று மரபணுவால் வேறுபட்ட தனிக்கூட்டம் அது எனக் கண்டனர். எஞ்சிய சில பண்ணைகளின் பழைய வழக்கத்தில், உலகத்திற்கே தேவைப்படக்கூடிய ஒரு செல்வம் மறைந்திருந்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை தெளிவானது. பன்மை என்பது உணவு மேசையின் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அது ஒரு காப்பு. ஒன்று நலியும்போது அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒன்றையே வளர்த்தால், அந்த ஒன்று நலியும் நாளில் கைகொடுக்க எதுவும் இராது. நெல்லுக்கும் கால்நடைக்கும் பொருந்தும் இவ்வுண்மை கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைக்கும் பொருந்துகிறது.

நெடிய குளிர்காலம் கோந்தேயை உருவாக்கியது. சரிந்து விழுந்த பாறை ரோக்ஃபோரைத் தந்தது. மழைநிறைந்த சமவெளி கமம்பேரை ஈன்றது. ஒவ்வோர் இடத்தின் குறையையும் நிறையையும் அறிந்து, அதற்கேற்பப் பாலைப் பேணிய உழவர்களின் அறிவே இவற்றை நிலைக்கச் செய்தது. அவ்வறிவு ஏடுகளில் மட்டும் இருப்பதன்று. புல்வெளியிலும் மரத்தொட்டியிலும் நிலவறைச் சுவரிலும் அன்றாடம் வட்டுகளைப் புரட்டும் கைகளிலும் வாழ்கிறது. செய்வோர் உள்ளவரை மட்டுமே அது வாழும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் பாலைக் கெடாமல் காக்கவும் பதப்படுத்தவும் வழங்கிவரும் முறைகளை மூத்தோரிடம் கேட்டறிந்து, அவற்றின் அறிவியல் காரணங்களுடன் தொகுத்து எழுதுக.

2. "பாதுகாப்புக்கு ஒருமை உதவும், தொடர்ச்சிக்குப் பன்மை உதவும்" என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. தமிழ்நாட்டில் புவிசார் குறியீடு பெற்ற உணவுப்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றிற்கும் அது பிறந்த நிலத்திற்கும் உள்ள தொடர்பை விளக்குக.